என் பொண்ணு "மாமாமா"ன்னு கூப்பிடுறது யாரை? அம்மாவையா, மாமனையா?

மல்லி_மதுரை:

வணக்கம் மக்களே, இது சண்டையா கேள்வியான்னு எனக்கே தெரியல, நீங்கதான் தீர்ப்பு சொல்லணும். என் பொண்ணுக்கு இப்ப ஒம்பது மாசம். போன வாரத்துல இருந்து "மாமாமாமா"ன்னு ஆரம்பிச்சிருக்கா. நான் சந்தோசத்துல அழுதே போயிட்டேன், அம்மான்னு கூப்பிட வருதுன்னு. என் தம்பி ஜார்ஜியால, டிபிலிசில எம்பிபிஎஸ் படிக்கிறான், அவன் வீடியோ கால்ல பாத்துட்டு "அக்கா, அவ அம்மான்னு சொல்லல, மாமான்னு சொல்றா, தாய்மாமனை கூப்பிடுறா, சீக்கிரம் சீர் வரிசைக்கு ரெடி பண்றேன்"னு ஒரே அலம்பல். எங்க வீட்டுக்காரர் நடுவுல பூந்து, உலகத்துல எல்லா குழந்தையும் மா-ன்னு சொன்னா அது அம்மாதான், இங்கிலீஷ்ல மம்மி, ஹிந்தில மா, சீனாவுல மாமா, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு எனக்கு சப்போர்ட்டா பேசுனாரு.

அப்பதான் தம்பி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். அவன் இருக்கிற வீட்டு ஓனருக்கு மூணு வயசுல ஒரு பையன், ஒரு நாள் மாடிப்படியில "மாமா மாமா"ன்னு கத்திக்கிட்டே ஓடி வந்திருக்கான், இவன் நம்மளத்தான்னு நெனச்சு "என்னடா செல்லம்"னு கைய நீட்டுனா, அது இவனைத் தாண்டிப் போயி பின்னாடி வந்த அப்பன் கால்ல ஏறிக்கிச்சாம். ஜார்ஜியன்ல மாமா-ன்னா அப்பாவாம்! அம்மாவுக்கு டெடாவாம்!

இது நெசமா? இல்ல கிண்டல் பண்றானா? அப்படி எல்லா மொழியிலயும் அம்மாவுக்கு ம வரலைன்னா எத்தனை மொழியில வருது, ஏன் வருது, யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. பொண்ணு யாரைக் கூப்பிடுறான்னும் சொல்லிருங்க, வீட்டுல அமைதி வரட்டும்.

வைகைக்கரையான்:

இதுல என்ன சந்தேகம் சகோதரி. அம்மாங்கிற சொல்ல உலகத்துக்குக் குடுத்ததே தமிழ்தான். கொரியாக்காரன் ஒம்மா, அப்பாங்கிறான். அரபில உம்மு. திபெத்துல அமா. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவுல இருக்கிற பாஸ்க் மக்களுக்கு அமா. அமெரிக்கப் பழங்குடி நவஹோ மக்களுக்கும் அமா. ஆண்டிஸ் மலையில கெச்சுவா மொழியில மாமா, பூமித்தாய பச்சமாமான்னு கும்பிடுறாங்க. இவ்வளவும் தற்செயலா? ஜார்ஜியாவ விடுங்க, அது ஒரு விதிவிலக்கு.

பழையபுத்தகக்கடை:

சகோ, உங்க லிஸ்ட்ல இருக்கிற வார்த்தை எல்லாம் சரி, அதுல இருந்து நீங்க போற முடிவுதான் இடிக்குது. கொரியன்ல அம்மா அப்பா ஒத்துப்போகுது, சரி, அடுத்து ஒண்ணு ரெண்டு மூணு எண்ணச் சொல்லுங்க, ஹானா, துல், செத்-னு வரும். சொந்தக்கார மொழின்னா எண்ணு, கை, கால், தண்ணி, வா, போ எல்லாத்துலயும் ஒரு சாயல் இருக்கணும், அதுவும் ஒரு ஒழுங்கோட இருக்கணும். அம்மா அப்பா மட்டும் ஒத்துப்போனா அதுக்குக் காரணம் வேற, அது தொட்டில்ல இருக்கு.

மல்லி, உங்க தம்பி சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. ஜார்ஜியன்ல மாமா அப்பாதான். அது ஒண்ணுதான் விதிவிலக்குன்னும் இல்ல, நடு ஆஸ்திரேலியாவுல பிட்ஜன்ட்ஜாராங்கிற பழங்குடி மொழியிலயும் மாமா-ன்னா அப்பா, அம்மாவுக்கு வேற சொல்லு.

ஏன் பெரும்பாலான எடத்துல ம வருதுங்கிறதுக்கு ரோமன் யாக்கப்சன்னு ஒருத்தர் பதில் சொல்லிருக்காரு. மாஸ்கோவுல பிறந்து கடைசில அமெரிக்காவுல வாழ்ந்த மொழியியல் ஆளு. மாமா பாப்பா-ன்னு ஏன் சொல்றோம்னு கேட்டு ஒரு கட்டுரை எழுதுனாரு, 1960ல அச்சாச்சு. அதுக்கு முன்னாடி மர்டாக்-னு ஒரு மானிடவியல்காரர் உலகம் பூரா இருந்து அம்மா அப்பாவுக்கான வார்த்தைய ஆயிரத்துக்கு மேல சேத்து வச்சிருந்தாரு, அந்தக் குவியல வச்சுப் பாத்தா அம்மா வார்த்தைகள்ல 55 சதவீதத்துல ம, ந, ங மாதிரி மூக்கொலி இருக்கு, அப்பா வார்த்தைகள்ல 15 சதவீதத்துலதான் இருக்கு. அதாவது பாதிக்கு மேல, ஆனா எல்லாம் இல்ல. உங்க வீட்டுக்காரரும் முழுசா ஜெயிக்கல, தம்பியும் ஜெயிக்கல.

காரணம் ரொம்ப சிம்பிள். குழந்தை பால் குடிக்கிறப்ப வாய் அடைச்சிருக்கு, அப்ப அதால போட முடிஞ்ச சத்தம் ஒண்ணே ஒண்ணுதான், மூக்கு வழியா "ம்ம்ம்". நீங்களே தினம் கேட்டிருப்பீங்க. அப்புறம் பசிக்கிறப்ப, பால் பாட்டில தூரத்துல பாக்குறப்ப, அதே சத்தம் எதிர்பார்ப்புல வருது. கொஞ்ச நாள்ல வாய் திறந்து மூட வருது, உதடு ரெண்டையும் சேத்துப் பிரிச்சா மா, பா, திறந்த வாய்க்கு சுலபமான உயிர் ஆ. இதுக்கு நாக்க எங்க வைக்கணும்னு தெரிய வேணாம், ர ழ மாதிரி வித்தையெல்லாம் வேணாம். அத திரும்பத் திரும்பப் போடுது, மாமாமா. அந்த நேரத்துல பக்கத்துல இருக்கிற பெரியவங்க, "ஐயோ என்னைத்தான் கூப்பிடுது"ன்னு அதுக்கு ஒரு அர்த்தத்த ஒட்டி விட்டுடுறாங்க. பேர் வச்சது குழந்தை இல்ல, நாமதான். பக்கத்துல பெரும்பாலும் அம்மா இருக்குறதால மா அம்மாவுக்கு விழுந்துச்சு, ஜார்ஜியாவுல எப்பவோ ஒரு காலத்துல அது அப்பனுக்கு விழுந்திருச்சு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. லத்தீன்ல மம்மா-ன்னா மார்பு. உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வச்ச லின்னேயஸ் 1758ல பாலூட்டிகளுக்கு மம்மாலியான்னு பேர் வச்சது அதுல இருந்துதான். நம்ம ஊர்ல குழந்தைக்குச் சோறு ஊட்டுறப்ப என்ன சொல்றோம்? மம்மு. அம்மா, மார்பு, சோறு மூணும் குழந்தைக்கு ஒரே டிபார்ட்மெண்ட்.

மங்களூர்_மெயில்:

ஆஸ்திரேலியா வரைக்கும் ஏன் போகணும், மங்களூர் வரைக்கும் வாங்க. நான் கோயம்புத்தூர்க்காரன், கட்டுனது துளு வீட்டுல. துளுல அம்மாவுக்கு அப்பெ. அப்பாவுக்கு அம்மெ. தலைகீழ்! கல்யாணமான புதுசுல மாமியார் "அப்பெ வரச் சொன்னாங்க"ங்கிற மாதிரி ஏதோ சொல்ல நான் மாமனார் முன்னாடி போய் நின்னேன், அவரு பேப்பர்ல இருந்து தலைய நிமிர்த்தாம "அங்க"ன்னு சமையக்கட்ட காட்டுனாரு. இப்ப டவுன் பசங்க எல்லாம் கன்னடம் மாதிரி அம்மா அப்பான்னே கூப்பிடுறாங்க, ஆனா தாய்மொழிய இன்னமும் அப்பெ பாசெ-ன்னுதான் சொல்லுவாங்க. துளு நம்ம திராவிடக் குடும்பம்தானே வைகை சார், அதுலயே இப்படின்னா விதிவிலக்குன்னு தள்ள முடியாதுல்ல.

டிபிலிசி_டாக்டர்_தம்பி:

அக்கா என் மானத்த இண்டர்நெட்ல ஏத்திட்டியா, சூப்பர். லிங்க் அனுப்புனது அம்மாதான், உனக்குச் சப்போர்ட்டுன்னு நெனச்சு அனுப்பிருக்கும்.

சரி வந்ததுக்கு இந்த ஊர் கதைய சொல்லிட்டுப் போறேன். இங்க மாமா அப்பா மட்டும் இல்ல, சர்ச்சுல பாதிரியாரக் கூப்பிடுறதும் மாமாவோ-ன்னுதான், நம்ம ஃபாதர்ங்கிற மாதிரி. முதல் செமஸ்டர்ல நாங்க தமிழ்ப் பசங்க சிரிச்ச சிரிப்பு. அம்மா டெடா, பாட்டி பெபியா. ஊருக்கு மேல சொலொலாகி மலையில 20 மீட்டர்ல ஒரு அலுமினியச் சிலை நிக்கும், கார்ட்லிஸ் டெடா, அதாவது ஜார்ஜியாவோட அம்மா, டிபிலிசிக்கு 1500 வருசம் ஆனதுக்காக 1958ல வச்சது. ஒரு கைல ஒயின் கிண்ணம் இன்னொரு கைல வாள். நண்பனா வந்தா ஒயின், எதிரியா வந்தா வாள். நம்ம அம்மாவும் அதே டைப்புதான், ஒயினுக்குப் பதிலா காப்பி.

டெடாங்கிற வார்த்தைய வச்சே இவங்க எல்லாம் கட்டிருக்காங்க. தலைநகரத்துக்கு டெடாகலாகி, அம்மா நகரம். தாய்மொழி டெடா எனா. 1876ல கோகெபாஷ்விலின்னு ஒரு வாத்தியார் போட்ட அரிச்சுவடிக்கே டெடா எனான்னுதான் பேரு. சோவியத் காலத்துல, 1978ல, ஜார்ஜியன் ஆட்சிமொழிங்கிற வரிய அரசியல் சட்டத்துல இருந்து எடுக்கப் பாத்தப்ப ஸ்டூடண்ட்ஸ் பெருங்கூட்டமா ரோட்டுக்கு வந்துட்டாங்க, ஏப்ரல் 14, மாஸ்கோ இறங்கி வந்து வரிய அப்படியே விட்டுருச்சு. இப்பவும் அந்த நாளத் தாய்மொழி நாளா கொண்டாடுறாங்க. எங்க வீட்டு ஓனரம்மா அதப் பத்திப் பேச ஆரம்பிச்சா அன்னைக்கு அனாடமி படிச்ச மாதிரிதான்.

ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது வேற. இங்க அம்மா தன் புள்ளையவே டெடான்னு கூப்பிடும், அப்பன் புள்ளைய மாமான்னு கூப்பிடுவான். "சாப்பிடு டெடா"ன்னா சாப்பிடு கண்ணுன்னு அர்த்தம். முதல்ல குழம்பிட்டேன், அப்புறம் யோசிச்சா நீயும் பாப்பாவ "என்னம்மா, ஏம்மா அழுற"ன்னுதானே கொஞ்சுற. சோ அவ உன்னைக் கூப்பிடுறாளா, நீ அவளைக் கூப்பிட்டத திருப்பிச் சொல்றாளான்னே சந்தேகம். மாமன் கட்சி வாழ்க.

பனிக்கால_ஆச்சி:

தம்பி சொன்னதைப் பார்த்துச் சிரிச்சுக் களைச்சுப் போனன். நான் யாழ்ப்பாணம், இப்ப முப்பது வருசமா நோர்வேயில. இஞ்ச அம்மாவுக்கு மம்மா, அல்லது மூர் எண்டு சொல்லுவினம். "அம்மெ" எண்டால் தாய்ப்பால் குடுக்கிறது! நான் வந்த புதுசில பிள்ளைப்பேற்று நேரம் நேர்ஸ் வந்து "அம்மெ, அம்மெ" எண்டு சொல்ல, இவவுக்கு எங்கட பாசை தெரியும் போல எண்டு நினைச்சு நானும் "ஓம், நான்தான் அம்மா" எண்டு தலையாட்டினன், அவ பிள்ளையைத் தூக்கி மடியில வைச்சிட்டா. ஜெர்மன்காரருக்கும் அம்மெ எண்டால் மற்றவையின்ர பிள்ளைக்குப் பால் குடுக்கிற செவிலித்தாய். பக்கத்தில ஐஸ்லாந்தில அம்மா எண்டால் அம்மம்மா, அதாவது பாட்டி. அங்க போய் ஒரு இளம் பெட்டையை அம்மா எண்டு கூப்பிட்டுப் பாருங்கோ.

ஆனால் ஒரு விசயத்தில இவையள் அச்சொட்டா எங்களை மாதிரித்தான். தாயின்ர தாய் மூர்மூர், தேப்பன்ர தாய் ஃபார்மூர். நாங்கள் அம்மம்மா, அப்பம்மா எண்டு சொல்லுறது போல. என்ர பேரப்பிள்ளையளுக்கு இதைச் சொல்லிக் குடுக்க ஒரு கஷ்டமும் இருக்கேல்லை, வசனத்தை மாத்தினால் சரி.

என்னோட வேலை செய்த பின்லாந்துப் பிள்ளை ஒண்டு சொன்ன கதையையும் சொல்லிப்போட்டுப் போறன். ஃபின்னிஷ்ல அம்மாவுக்கு ஐத்தி. அது அவையின்ர சொந்தச் சொல்லே இல்லையாம், பழைய ஜெர்மானிய பாசையில இருந்து எடுத்தது. சொந்தச் சொல் எமோ, அது இப்ப மிருகங்களின்ர தாய்க்குத்தான். எஸ்தோனியாக்காரர் இப்பவும் எமா எண்டுதான் தாயைச் சொல்லுகினம். கடன் வாங்கி வைச்ச சொல் வீட்டுக்குள்ள, சொந்தச் சொல் மாட்டுக்கொட்டிலுக்குள்ள.

நாரோயில்_காத்து:

ஆச்சி சொன்ன அந்த எமோ கதை அப்பிடியே எங்க பக்கமும் உண்டும். எங்க ஊருல பழைய ஆளுவ அம்மைய தள்ளைன்னு சொல்லுவாவ, தள்ளையும் தகப்பனும்னு. ஆந்திராவுல தல்லின்னா கும்பிடுற அளவுக்கு மரியாதை, தெலுகு தல்லின்னு சிலையே இருக்கு. எல்லை தாண்டி கேரளத்துல போயி ஒருத்தன்கிட்ட "உன் தள்ள"ன்னு சொன்னா சட்டையப் புடிச்சிருவான், அங்க அது கோழிக்கும் பூனைக்கும்தான், தள்ளக்கோழி. ஒரே சொல்லு, ஊருக்கு ஊரு ஏறி எறங்குது.

காயல்காற்று:

உம்மா-ன்னா எங்க காயல்பட்டினத்துல அம்மா. மத்த தமிழ்நாட்டுல முத்தம். காலேஜ் ஹாஸ்டல்ல போன்ல "உம்மா, உம்மா"ன்னு நான் பேசுனத பசங்க நாலு வருசம் விடல. அரபு உம்மு-தான் மூலம். அரபு நாட்டுல மூத்த புள்ள பேரச் சேத்து உம்மு அஹ்மத், அஹ்மதோட அம்மான்னுதான் கூப்பிடுவாங்க, நம்ம ஊர்ல பேரச் சொல்லாம "முருகன் அம்மா"ங்கிற மாதிரியே. சுவாஹிலிலயும் அதான், மாமான்னு போட்டு புள்ள பேரு. அப்புறம் ராவுத்தர் வீடுகள்ல அப்பாவ அத்தாம்பாங்க, அந்தப் பக்கம் ஆத்தான்னா அம்மா. ஒரு கோடு கொறைஞ்சா ஆளே மாறிருது.

வைகைக்கரையான்:

எல்லாரும் சேந்து என்னைக் கழுவி ஊத்தியாச்சு, ரைட்டு. ஆனா ஒரு கேள்வி, அப்ப அம்மாங்கிறது வெறும் குழந்தை உளறல்தானா? மாதர், மதர், மாத்ரு எல்லாம் ஒரே குடும்பம்னு மட்டும் எப்படி ஒத்துக்குறீங்க, அதுவும் மா-தானே. ஊருக்கு ஒரு நியாயமா?

பழையபுத்தகக்கடை:

நல்ல கேள்வி சகோ, கழுவி ஊத்தல. அந்த வார்த்தைகள்ல மா-வ மட்டும் பாத்து முடிவு பண்ணல, வாலப் பாத்து முடிவு பண்ணுனாங்க. மாத்ரு, பித்ரு, ப்ராத்ரு. மதர், ஃபாதர், பிரதர். பாரசீகத்துல மாதர், பெதர், பராதர். மூணு சொந்தமும் ஒரே வாலோட வரிசையா வருது, எந்த மொழியில எந்த எழுத்து எதுவா மாறும்னு கணக்கும் இருக்கு. மா குழந்தையோடதுதான், அதுக்கு ஒரு வால ஒட்ட வச்சது பெரியவங்க. அதே குடும்பத்துல அல்பேனியாவுல அந்த வார்த்தை வழி மாறிப் போயிருச்சு, மோத்தர்-ன்னா அங்க அக்கா தங்கச்சி, அம்மாவுக்கு நெனெ. கல்கத்தா அன்னை தெரசா அல்பேனியக் குடும்பம்தானே, அவங்க ஊர்ல நெனெ தெரேசா, அல்பேனியத் தலைநகர் டிரானா விமான நிலையத்துக்கே அந்தப் பேருதான். அப்புறம் தாய்மொழின்னு நாம எல்லாரும் சொல்றத போலந்துக்காரன் தந்தைமொழின்னு சொல்றான். நேரம் கெடச்சா தமிழுக்கும் இந்த மாதிரி வால் கணக்கு ஒண்ணு இருக்கு, யாராச்சும் இலக்கணம் தெரிஞ்சவங்க எழுதுங்க, நான் எழுதுனா தப்பாயிரும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

எழுதுகிறேன், ரிட்டயர் ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. குறுந்தொகை 40, எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதான், "யாயும் ஞாயும் யாரா கியரோ". பையங்க மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டுப் போயிடுவாங்க, யாய் எது ஞாய் எதுன்னு கேட்டா முழிப்பாங்க. யாய்னா என் அம்மா. ஞாய்னா உன் அம்மா. தாய்னா அவன் அம்மா, அவள் அம்மா. மூணும் வேற வேற ஆளு! அடுத்த அடியில எந்தை, நுந்தைன்னு வருது, என் அப்பா, உன் அப்பா. தந்தைன்னா அவன் அப்பா. இதே மாதிரி எம்பி, உம்பி, தம்பி. காலப்போக்குல யாயும் ஞாயும் போயிருச்சு, தாய் மட்டும் நின்னுது, இப்ப "என் தாய்"னு சொல்றோமே, பழைய கணக்குல பாத்தா அது "என் அவனம்மா"ன்னு சொல்ற மாதிரி. தம்பியும் அப்படித்தான், டிபிலிசி டாக்டர் கோச்சுக்க வேணாம்.

வைகைக்கரையான் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. அம்மா தொட்டில்ல இருந்து வந்ததா இருக்கட்டும். தாய் தொட்டில்ல இருந்து வரல, அதுக்குள்ள இலக்கணம் உக்காந்திருக்கு, ஆய்ங்கிறதுக்கு முன்னாடி யாரோட அம்மாங்கிற அடையாளம் ஒட்டியிருக்கு. அந்த ஆய் இன்னமும் ஆயி மகமாயின்னு கும்பிடுறப்ப வாயில வருது. பெருமைப்படணும்னா இதுக்குப் படுங்க, கொரியாவுக்கெல்லாம் போக வேண்டாம்.

ஒசாகா_ஓரம்:

வாத்தியார் சார், உங்க யாய் ஞாய்க்கு ஜப்பான்ல ஒரு ஜோடி இருக்கு. இங்க ஆபிஸ்ல என் அம்மாவப் பத்திப் பேசுனா ஹஹா, உங்க அம்மாவப் பத்திப் பேசுனா ஒகாசான். மாத்திச் சொன்னா திருத்துவாங்க, நான் ஒரு வருசம் எங்கம்மாவையே மரியாதையா ஒகாசான்னு வெளியாள்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்.

ஹஹால உதடே ஒட்டலையே, யாக்கப்சன் கணக்கு இங்க செல்லாதான்னு ரொம்ப நாள் யோசிச்சேன், அதுக்கும் ஒரு கதை இருக்கு. கோநாரா சக்கரவர்த்தி பேர்ல 1516ல தொகுத்த விடுகதைகள்ல ஒண்ணு: "அம்மாவுக்கு ரெண்டு தடவை சந்திக்கும், அப்பாவுக்கு ஒரு தடவைகூட சந்திக்காது, அது என்ன?" விடை, உதடு. இப்ப ஹஹான்னு சொல்லிப் பாருங்க, எங்க சந்திக்குது? அப்ப அது ஃபஃபா மாதிரி ரெண்டு உதடும் உரச வந்த சொல், அதுக்கும் முந்தி பபான்னே இருந்திருக்கும்னு சொல்றாங்க. எழுத்துல இல்லாத சத்தத்த ஒரு விடுகதை பத்திரமா வச்சிருந்திருக்கு. அப்பாவுக்கு சிச்சி, அதுக்கு உதடு எதுக்கு.

அப்புறம் ஜப்பான் குழந்தை மன்மான்னு அழுதா அம்மாவ இல்ல, சோத்தக் கேக்குது. புத்தகக்கடை சொன்ன மம்மு கேஸ்தான்.

மல்லி_மதுரை:

ஐயோ இவ்வளவு வரும்னு நெனைக்கல, எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சார் எழுதுனத எங்கப்பா மூணு தடவ படிச்சாரு, நோர்வே ஆச்சி நேர்ஸ் கதைக்கு நானும் எங்க மாமியாரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

நேத்து ராத்திரி டெஸ்ட் வச்சோம். நான் ஒரு பக்கம் உக்காந்தேன், தம்பிய போன்ல இன்னொரு பக்கம் நிக்க வச்சாச்சு, வீட்டுக்காரர் அம்பயர். பாப்பா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா, பாத்துட்டு "மாமாமாமா"ன்னு கைய நீட்டுனா. நடுவுல மாமியார் ராகிக்கூழ் கிண்ணத்தோட நின்னுக்கிட்டு இருந்தாங்க.